காலாண்டுக் கணக்கும் கப்பலின் திகதியும்

மின்சாரக் கார் ஒன்று எந்த நாளில் விற்கப்படுகிறது என்பது எளிய கேள்வியாகத் தோன்றினும், கொழும்பில் அதற்குக் குறைந்தது ஐந்து விடைகள் உள்ளன. வாங்குபவர் முற்பணம் கட்டிய நாள், முகவர் நிறுவனம் வங்கியில் நாணயக் கடிதம் திறந்த நாள், துறைமுகத்தில் இறங்கிய வாகனத்தைச் சுங்கத் திணைக்களம் விடுவித்த நாள், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அது பதிவான நாள், அதன் விலை விற்பனை வருவாயாக நிறுவனத்தின் கணக்கேட்டில் ஏறிய நாள் ஆகிய ஐந்தும் ஒன்றுக்கொன்று வாரக்கணக்கிலும், சிக்கல் நேரும்போது மாதக்கணக்கிலும் விலகி நிற்கின்றன. 2026 மார்ச் 31இல் முடியும் காலாண்டை முன்வைத்துக் கொழும்புப் பங்குச் சந்தையில் நிலவும் எதிர்பார்ப்புகள் இந்த ஐந்தில் எதன்மீது கட்டப்பட்டவை என்பதைப் பிரித்தறியாத முதலீட்டாளர், ஒரு நாளின் செய்தியை இன்னொரு நாளின் விலைக்கு வாங்குபவராகிவிடுகிறார்.

எதிர்பார்ப்பின் மையத்தில் இருப்பது ஜோன் கீல்ஸ் ஹோல்டிங்ஸ் என்னும் கூட்டுக் குழுமம். 1870இல் தரகு வணிகமாகத் தொடங்கிய இக்குழுமம், நேபாளத்தின் சௌத்ரி குழுமத்துடன் கூட்டாக அமைத்த ஜோன் கீல்ஸ் சி.ஜி. ஓட்டோ என்னும் நிறுவனத்தின் வழியாக, சீனாவின் பி.வை.டி. வாகனங்களுக்கான இலங்கை முகவராக 2024இல் சந்தைக்கு வந்தது. அப்போது தனியார் வாகன இறக்குமதிக்கு நாட்டில் பொதுவான அனுமதி இருக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கடை முதலில் திறக்கப்பட்டது, சரக்கு வருவதற்கான கதவு பின்னரே திறந்தது. குழுமத்தின் ஒரு பங்கு அதே ஆண்டில் பத்தாகப் பிரிக்கப்பட்டதால் விலை இருபது ரூபா அளவுக்கு இறங்க, சிறு சேமிப்பாளர்களும் எளிதில் வாங்கக்கூடிய பங்காக அது மாறியது. வெள்ளவத்தையின் ஓய்வூதியர்களும் கொட்டாஞ்சேனையின் வணிகக் குடும்பங்களும் நெடுங்காலமாக நம்பிவந்த பழம்பெரும் பங்கு ஒன்று, ஓரளவுக்கு மின்சாரக் கார் பங்காகவும் ஆன கதை இதுவாகும்.

அந்தக் கதவு ஏன் மூடப்பட்டது என்பதையும், மூடியிருந்த காலத்தில் என்ன சேர்ந்தது என்பதையும் அறியாமல் இன்றைய விற்பனை எண்களை விளங்கிக்கொள்ள முடியாது. அந்நியச் செலாவணியைச் சேமிக்கும் பொருட்டு 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரி 1இல்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் புதிய கார் வாங்க விரும்பியும் வாங்க வழியற்றிருந்தவர்களின் தொகை ஆண்டுக்கு ஆண்டு பெருகியது. பொருளியலில் இதனைத் தேங்கிய கேள்வி என்பர், அதாவது வாங்கும் விருப்பமும் வசதியும் இருந்தும் நிரம்பல் இன்மையால் ஒத்திவைக்கப்பட்ட கொள்வனவு. அதற்கிடையில் 2022இன் எரிபொருள் வரிசைகளும், கியூ.ஆர். முறையில் காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் எனத் தொடங்கிய பங்கீடும், பெற்றோல் இல்லாமல் ஓடும் வாகனம் என்ற எண்ணத்துக்கு எந்த விளம்பரமும் தந்திருக்க முடியாத வலுவைத் தந்தன. வங்கி வழியாகப் பணம் அனுப்பும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு மின்சார வாகனம் மட்டும் இறக்க அனுமதித்து 2022 செப்டெம்பரில் அறிமுகமான திட்டம், காலி வீதியில் முதலாவது புதிய தலைமுறை மின்சாரக் கார்களைக் காட்டியதோடு, மூடிய கதவின் சாவித் துவாரம் வழியாக எட்டிப் பார்த்தோரின் ஆவலையும் கூட்டிவிட்டது.

2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டில் பி.வை.டி. வாகன விநியோகம் குழுமத்தின் சில்லறை வணிகப் பிரிவின் கணக்கை வெளிப்படையாகவே தூக்கிவிட்டது. அதே ஆண்டில் கொழும்புச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 20,000 புள்ளிகளைக் கடந்து புதிய உச்சங்களைத் தொட்டதால், நல்ல செய்தியை நல்ல செய்தியாகவே படிக்கும் மனநிலை பரவலாக இருந்தது. ஆனால் ஐந்தாண்டு தேங்கிய நீர் மதகு திறந்ததும் பாயும் வேகத்தை ஆற்றின் வழமையான வேகம் என்று கொண்டு, அதனையே அடுத்த காலாண்டுகளுக்கும் நீட்டிக் கணக்கிடுவதில் உள்ள பிழை கண்கூடானது. முதலாவது ஆண்டு விற்பனையில் எவ்வளவு தேங்கியது, எவ்வளவு ஊறியது என்பதைப் பிரித்துக் காட்டும் அட்டவணை எந்த நிறுவனத்தின் அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை.

முதலீட்டாளர் எதிர்பார்ப்பு என்னும் சொற்றொடருக்கு அமெரிக்கச் சந்தையில் திட்டவட்டமான பொருள் உண்டு. ஒரு நிறுவனத்தைத் தொடர்ந்து ஆராயும் பகுப்பாய்வாளர்கள் அடுத்த காலாண்டு விற்பனை இவ்வளவு இருக்கும் எனத் தனித்தனியே மதிப்பிட்டு வெளியிட, அவற்றின் சராசரி ஒருமித்த மதிப்பீடு எனப்படுகிறது. பங்கின் விலை அந்த மதிப்பீட்டை முன்பே உள்வாங்கிக்கொள்வதால், உண்மை எண் வெளிவரும் நாளில் விலையை அசைப்பது எண்ணின் பருமன் அல்ல, மதிப்பீட்டுக்கும் எண்ணுக்கும் இடையிலான வேறுபாடும் அதற்குப் பின்னாலுள்ள காரணமுமே ஆகும். டெஸ்லாவின் 2025ஆம் ஆண்டு இதற்கு வாய்த்த நல்ல பாடம். அவ்வாண்டின் இரண்டாம் காலாண்டில் அந்நிறுவனம் 384,122 வாகனங்களையே விநியோகித்தது. முந்தைய ஆண்டின் இதே காலாண்டோடு ஒப்பிட இது ஏறத்தாழ 13 வீத வீழ்ச்சி, ஆயினும் அதைவிட மோசமான எண்ணைச் சந்தை அஞ்சியிருந்தமையால் அறிவிப்பு நாளில் பங்கு விலை உயர்ந்தது. மூன்றாம் காலாண்டில் 497,099 வாகனங்கள் என்னும் வரலாறு காணாத எண் வந்தபோதோ விலை இறங்கியது. ஏனெனில் மின்சாரக் கார் வாங்குவோருக்கு அமெரிக்க அரசு அளித்துவந்த 7,500 டொலர் வரிச் சலுகை செப்டெம்பர் 30உடன் முடிவதால், பின்னர் வாங்கவிருந்தவர்களும் முந்திக்கொண்டனர் என்பதும், அடுத்த காலாண்டு அதற்கு ஈடு கட்ட வேண்டியிருக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தன. நான்காம் காலாண்டுக்கு டெஸ்லாவே தொகுத்து வெளியிட்ட பகுப்பாய்வாளர் சராசரி 422,850 ஆக இருக்க, உண்மை எண் 418,227 ஆக வந்தது. ஆண்டு மொத்தம் 1,636,129 வாகனங்களோடு நின்றுவிட, அவ்வாண்டில் முழு மின்சாரக் கார்களை மட்டும் 22 இலட்சத்துக்கும் மேல் விற்ற பி.வை.டி. உலகின் முதலிடத்தைப் பிடித்தது.

கொழும்பில் இத்தகைய ஒருமித்த மதிப்பீடு கிடையாது. ஜோன் கீல்ஸ் போன்ற பெரிய பங்குகளுக்குச் சில தரகு நிறுவனங்கள் ஆய்வறிக்கை எழுதினாலும், அடுத்த காலாண்டில் எத்தனை பி.வை.டி. கார்கள் கைமாறும் என்பதற்கு ஊரறிந்த ஒரு சராசரி எண் இல்லை. எதிர்பார்ப்பு இங்கே தரகரின் தொலைபேசி அழைப்பிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் உலவுகிறது, அதற்கு எஞ்சும் எழுத்துச் சான்று பங்கின் விலை மட்டுமே. இந்நிலையில் சிறு முதலீட்டாளருக்கு அறிக்கைக்கு முன்பே கிடைக்கக்கூடிய உறுதியான தரவு மாதாந்த வாகனப் பதிவு எண்ணிக்கையாகும். தரகு நிறுவனங்களும் ஊடகங்களும் தொகுத்துத் தரும் இந்த எண் பயனுள்ளதுதான் என்றாலும், அது மேற்சொன்ன ஐந்து நாள்களில் நான்காவதை மட்டுமே அளக்கிறது.

பதிவும் விற்பனையும் ஒன்றல்ல என்பதற்குத் தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரியில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஓலா எலக்ட்ரிக் நிறுவனம் 2025 பெப்ரவரியில் ஒரு சான்றாயிற்று. அம்மாதத்தில் 25,000க்கும் அதிகமான இருசக்கர வாகனங்களை விற்றதாக நிறுவனம் அறிவித்திருக்க, இந்திய அரசின் வாகன் பதிவுத் தளம் 9,000க்கும் குறைவான எண்ணிக்கையையே காட்டியது. பதிவுப் பணியைச் செய்யும் முகவர்களோடு ஒப்பந்தத்தை மாற்றியமைத்ததால் நேர்ந்த தற்காலிகத் தேக்கம் எனக் கம்பனி விளக்கம் தந்தபோதும், பங்கு விலையும் ஒழுங்குமுறை அமைப்புகளும் அவ்விளக்கத்தோடு அமைதியடையவில்லை. இந்தியாவில் எவரும் நாள்தோறும் பார்க்கக்கூடிய பொதுத் தளம் இருந்தமையால் அந்த இடைவெளி சில நாள்களில் அம்பலமாயிற்று. இலங்கையில் அப்படியொரு அன்றாடச் சாளரம் இன்னும் திறக்கப்படவில்லை.

இலங்கையில் காலாண்டு எண்ணை இழுத்துப் பிடிக்கும் கை பெரும்பாலும் வாங்குபவருடையது அல்ல, வர்த்தமானியுடையது. மின்சாரக் காரின் உற்பத்தி வரி அதன் மோட்டாரின் வலுவுக்கு ஏற்பக் கிலோவாற்றுக்கு இத்தனை ரூபா என அறவிடப்படுகிறது. இயந்திரத்தின் கொள்ளளவை வைத்துப் பெற்றோல் கார்களுக்கு வரி விதிப்பதை ஒத்த முறை இது. 2025இன் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட வீதங்களின்படி, ஓராண்டுக்கு உட்பட்ட வாகனத்தில் 50 கிலோவாற்றுக்கு மேல் 100 வரை கிலோவாற்றுக்கு 24,100 ரூபாவும், 100க்கு மேல் 200 வரை 36,200 ரூபாவும் செலுத்த வேண்டும். வருமான வரியைப் போல் மேலதிகப் பகுதிக்கு மட்டும் உயர் வீதம் என்றில்லாமல், எல்லையைத் தாண்டிய வாகனத்தின் முழு வலுவுக்கும் உயர் வீதமே பொருந்துவதுதான் இதன் கூர்மை. 100 கிலோவாற்றுக் காருக்கு 24 இலட்சத்து 10 ஆயிரம் ரூபாவாக இருக்கும் உற்பத்தி வரி, ஒரே ஒரு கிலோவாற்று கூடியதும் 36 இலட்சத்து 56 ஆயிரத்துக்கும் மேல் தாவுகிறது. 150 கிலோவாற்றுக்கு அது 54 இலட்சத்து 30 ஆயிரம். இதன்மேல் 18 வீதப் பெறுமதி சேர் வரியும் ஏறுவதால், 100க்கும் 150க்கும் இடையிலான வரி வேறுபாடு மட்டும் ஒரு காருக்கு 35 இலட்சம் ரூபாவைக் கடந்துவிடுகிறது. வரிப் படிநிலையின் ஒரு விளிம்பில் இவ்வளவு பணம் குவிந்திருக்கும்போது, உற்பத்தியாளர்கள் அவ்விளிம்புக்குச் சற்று உள்ளே வாகனத்தை வடிவமைப்பதும், வரி அறவிடுவோர் அவ்வடிவமைப்பை ஐயத்தோடு நோக்குவதும் எதிர்பார்க்க வேண்டியவையே.

அவ்வாறே நடந்தது. 100 கிலோவாற்று எனப் பதிவேடுகளில் குறிக்கப்பட்டு வந்த பி.வை.டி. வாகனங்களின் மோட்டார்கள் உண்மையில் 150 கிலோவாற்று வலுவுடையவையா என்ற கேள்வியை 2025இன் நடுப்பகுதியில் சுங்கத் திணைக்களம் எழுப்பி, பல நூறு வாகனங்களைத் தடுத்துவைத்தது. மின்னணுக் கட்டுப்பாட்டால் வலு குறைக்கப்பட்ட மோட்டாரை அதன் இயல்பான வலுவைக் கொண்டு மதிப்பதா, தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் நிலையிலுள்ள வலுவைக் கொண்டு மதிப்பதா என்பதே வழக்கின் கரு. தொழிற்சாலையிலேயே 100 கிலோவாற்றுக்கு அமைக்கப்பட்டவை என்பது முகவர் நிறுவனத்தின் நிலைப்பாடு. மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு விடயம் சென்றபின், பிணக்குக்குரிய வரித்தொகைக்கு ஈடான வங்கி உத்தரவாதத்தின் பேரில் வாகனங்களை விடுவிக்க இணக்கம் காணப்பட்டது. இங்கு யார் சொல்வது சரி என்பதைவிட, இத்தகைய பிணக்கு ஒரு காலாண்டின் கணக்கில் எப்படிப் படிகிறது என்பதே இக்கட்டுரைக்கு முக்கியமானது.

துறைமுகத்தில் நிற்கும் கார் விற்பனை ஆகாது. நிதி அறிக்கையிடல் நியமங்களின்படி, ஒரு பொருளின் மீதான கட்டுப்பாடு வாடிக்கையாளருக்கு மாறும்போதுதான் அதன் விலை வருவாயாக ஏற்கப்படுகிறது. அதுவரை வாகனம் நிறுவனத்தின் சொத்துப் பக்கத்தில் இருப்பாகவும், வாங்குபவர் செலுத்திய முற்பணம் பொறுப்புப் பக்கத்தில் ஒப்பந்தப் பொறுப்பாகவும் கிடக்கின்றன. ஆகவே, விநியோகம் தடைப்பட்ட ஒரு காலாண்டில் வருவாய் சரிந்து இருப்பும் முற்பணமும் பெருகி நிற்குமானால், அது கேள்வி குன்றியதன் அடையாளம் அல்ல. அதேபோல, அடுத்த காலாண்டில் தேங்கிய வாகனங்கள் ஒரே வீச்சில் வாடிக்கையாளரிடம் போகும்போது வருவாய் பாய்ந்து ஏறி, முற்பணம் வற்றிக் காணப்பட்டால், அந்த ஏற்றத்தைக் கேள்வியின் பெருக்கமாகக் கொள்வதும் தவறாகும். வங்கி உத்தரவாதமோ இரண்டு பக்கங்களிலும் நேரடியாகத் தோன்றாது. வழக்கின் முடிவைப் பொறுத்துச் செலவாகலாம் அல்லது ஆகாமலும் போகலாம் என்னும் நிகழத்தக்க பொறுப்பாகக் குறிப்புப் பகுதியில் அது ஒதுங்கியிருக்கும். இலாப நட்டக் கூற்றின் முதல் வரியோடு அறிக்கையை மூடிவிடும் பழக்கம் கொழும்பு முதலீட்டாளரிடம் ஊறிப்போயிருப்பதால், மின்சாரக் கார் தொழிலைப் பற்றி உண்மையில் ஏதேனும் சொல்லும் பக்கங்கள் படிக்கப்படாமலே போகின்றன என்று சொல்வது மிகையன்று.

மார்ச் காலாண்டுக்குத் தனியான சில அழுத்தங்களும் உண்டு. இறக்குமதியாகி 90 நாள்களுக்குள் பதிவு செய்யப்படாத வாகனங்களுக்கு, அவற்றின் காப்புறுதியும் கப்பற் கட்டணமும் சேர்ந்த இறக்குமதிப் பெறுமதியில் மாதத்துக்கு 3 வீதம் தாமதக் கட்டணம் விதிக்கும் விதி 2025 முதல் நடைமுறையில் உள்ளது; இறக்குமதியாளர் வாகனங்களைப் பதுக்கிவைத்து விலையேற்றத்துக்குக் காத்திருப்பதைத் தடுப்பது அதன் நோக்கம். 90 நாள் என்பது ஏறத்தாழ ஒரு காலாண்டே என்பதால், ஒரு காலாண்டில் மிகுதியாக இறங்கிய சரக்கு அடுத்த காலாண்டில் விலைக் கழிவோடேனும் தள்ளப்படும் நிர்ப்பந்தம் தோன்றுகிறது; விற்பனை எண்ணிக்கை உயர்ந்து இலாப விளிம்பு மெலிவது அப்போது நிகழும். மேலும், வாகனங்களுக்கான சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரியை 2026 ஏப்ரல் முதல் இறக்குமதிக் கட்டத்திலேயே அறவிடும் முன்மொழிவு 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெற்றது. வரி மாறும் திகதி ஒன்று முன்கூட்டியே தெரியும்போது இறக்குமதியாளர் அதற்கு முன் சரக்கைக் கொண்டுவர முனைவது இயல்பு என்பதால், மார்ச் மாதத் துறைமுக வரத்து சற்று வீங்கித் தெரிந்தால் அதில் வியப்பில்லை. அமெரிக்கரின் செப்டெம்பர் அவசரமும் இலங்கையரின் மார்ச் அவசரமும் அளவில் மலையும் மடுவுமாயினும் இயல்பில் ஒன்றே. 2015இல் யப்பானிலிருந்து பாவித்த நிசான் லீஃப் கார்கள் வந்து குவிந்ததும், பின்னர் வரி உயர்ந்தவுடன் அந்த வரத்துச் சுருங்கியதும் பழைய வாகன வியாபாரிகளுக்கு இன்னும் மறந்திராது.

கடன் பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாகனத்தின் பெறுமதியில் எத்தனை வீதம்வரை வங்கியும் லீசிங் நிறுவனமும் கடன் தரலாம் என்பதைக் கடன்–பெறுமதி விகிதம் நிர்ணயிக்கிறது. அவ்விகிதத்தின் உச்ச வரம்புகளை மத்திய வங்கி 2025இல் மாற்றியமைத்தது. வாகன இறக்குமதிக்காக வெளியேறிய டொலர், அவ்வாண்டின் தொடக்கத்தில் கணக்கிட்டிருந்த அளவைத் தாண்டிச் சென்ற சூழலில், இந்த வரம்பு வாங்குபவரின் கைப்பணத் தேவையைக் கூட்டும் கருவியாகவும் பயன்படுகிறது. அரசாங்கத்துக்கோ வாகன வரி பெரும் வருமான ஊற்றாகிவிட்டதால், கதவை முற்றாக மூடவும் மனமில்லை, அகலத் திறக்கவும் துணிவில்லை. அதன் விளைவாகிய ஏற்ற இறக்கம் முகவர் நிறுவனங்களின் காலாண்டு வருவாயில் எதிரொலித்துக்கொண்டே இருக்கும்.

ஜோன் கீல்ஸ் பங்கை வைத்திருப்பவருக்கு இவ்வளவும் ஒரு பகுதிக் கதையே என்பதையும் மறத்தலாகாது. 2025 ஏப்ரலில் இயங்கத் தொடங்கிய கொழும்புத் துறைமுகத்தின் மேற்குக் கொள்கலன் முனையத்தில் பங்கு, அதே ஆண்டு ஓகஸ்டில் முழுமையாகத் திறக்கப்பட்ட சிற்றி ஒஃப் ட்ரீம்ஸ் உல்லாச விடுதித் தொகுதி, நாடெங்கும் பரந்த கீல்ஸ் பல்பொருள் அங்காடிகள் என்று குழுமத்தின் கணக்கில் பல ஊற்றுகள் கலக்கின்றன. வாகன நிறுவனம் கூட்டு முயற்சியாக இருப்பதால் அதன் இலாபத்தில் ஒரு பகுதி நேபாளப் பங்காளிக்கு உரியது. வருவாய் வரியில் பெரிதாகத் தெரியும் ஏற்றம், பங்குதாரருக்குரிய இலாப வரிக்கு வரும்போது கணிசமாக மெலிந்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். மின்சாரக் காரில் மட்டும் பணம் போட விரும்பும் ஒருவருக்குக் கொழும்புச் சந்தையில் தூய வடிவப் பங்கு எதுவும் கிடையாது.

தேங்கிய கேள்வி வடிந்த பிறகு என்ன எஞ்சும் என்பதற்கான விடை சுங்கத்திலும் வர்த்தமானியிலும் இல்லை. வாகனத் தரிப்பிடங்களில் இருக்கிறது. இலங்கை வீடொன்றின் வழமையான ஒற்றைக் கட்ட மின்னிணைப்பு 30 அம்பியர், அதாவது 230 வோல்ற்றில் 6.9 கிலோவாற்று. மின்சாரக் காருக்கான 7 கிலோவாற்று வீட்டு மின்னேற்றி ஒன்று அந்த இணைப்பு முழுவதையும் தனியாகவே விழுங்கிவிடும். பி.வை.டி.யின் அட்டோ 3 காரின் 60 கிலோவாற்று மணிப் பற்றரியைச் சாதாரண 13 அம்பியர் குதையிலிருந்து நிரப்புவதானால் ஓர் இரவு போதாது. தனி வீட்டுக்காரர் கூடிய வலுவுள்ள இணைப்புக்கு விண்ணப்பித்துக்கொள்ளலாம், ஆனால் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே நெருங்கி நிற்கும் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் தரிப்பிடத்துக்குச் செல்லும் மின்கம்பி பொதுப் பகுதிகளின் வழியாகவே போக வேண்டும். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டத்தின் கீழ் அப்பகுதிகள் எல்லா உரிமையாளருக்கும் பொதுவானவை என்பதால் முகாமைக் கூட்டுத்தாபனத்தின் சம்மதம் வேண்டியிருக்கிறது. கொட்டாஞ்சேனையிலோ ஜம்பட்டா வீதியை ஒட்டிய ஒழுங்கைகளில் காரை வாசலில் நிறுத்தவே இடமற்ற வீடுகள் பல. புதிய காரை வாங்கும் வசதி படைத்தவர்கள் செறிந்து வாழும் பகுதிகள் சில வீட்டில் மின்னேற்ற வசதி குறைந்த பகுதிகளாகவும் அமைந்திருப்பதால், கொழும்பு நகரில் இரண்டாம் அலை வாங்குநர் எத்தனை பேர் என்பதை முகவர் நிறுவனத்தின் முற்பணப் பட்டியலைவிடத் தொடர்மாடிகளின் பொதுக்கூட்டத் தீர்மானங்கள் முன்னதாகக் காட்டக்கூடும். முதலாவது அலையில் வாங்கியோரில் பெரும்பகுதியினர் சொந்தக் கராஜ் உள்ள வீடுகளில் வசிப்போராக இருந்திருப்பின், காலாண்டு வளர்ச்சி தளரும் இடம் அதுவாகவே இருக்கும்.